தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேள்

அன்புள்ள மகளுக்கு,

லீவு விட்டதிலிருந்து பிள்ளைகள் வீட்டை இரண்டாக்குகின்றன, பக்கத்தில் ஸ்பிளாஷ் பேட், அதாவது பிள்ளைகள் மேல் தண்ணீர் பீய்ச்சும் விளையாட்டுத் திடல், ஏதாவது இருந்தால் கூட்டிப்போகலாம், எப்படித் தேடுவது, எதை நம்பிப் போவது என்று போனில் கேட்டாய். போனில் சொன்னால் பாதி உன் காதில் விழாது. நடுவில் பெரியவன் கத்துவான், சின்னக்குட்டி போனைப் பிடுங்குவாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் இருந்தவனிடம் கேட்டிருக்கிறாய். தலைக்கு மேல் கவிழும் வாளி எவ்வளவு பெரியது, எத்தனை இடத்தில் பீய்ச்சுகிறது என்பதையெல்லாம் மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு முதலில் தெரிய வேண்டியது அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதுதான்.

தேடும்போது ஒரே பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு இல்லையென்று விட்டுவிடாதே. ஸ்பிளாஷ் பேட் என்று சிலர் பதிந்திருப்பார்கள், ஸ்ப்ரே பார்க், ஸ்ப்ரே கிரவுண்ட், வாட்டர் பிளே என்று வேறு சிலர். சின்னப் பூங்காக்களில் பூங்காவின் பெயர் மட்டும்தான் வரைபடத்தில் இருக்கும், உள்ளே தண்ணீர் விளையாட்டு இருப்பது வெளியே தெரியவே தெரியாது. நகராட்சியின் பூங்காத் துறை வைத்திருக்கும் பட்டியலை எடுத்துப் பார். நூலகத்தில் குழந்தைகள் பகுதியைக் கவனிக்கிறவரிடமும், பெரியவனின் பள்ளி வாசலில் நிற்கும் அம்மாக்களிடமும் கேள். எந்த இடம் இந்த வருஷம் ஓடுகிறது, எது போன வருஷத்திலிருந்து பழுதாகிக் கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்தச் செயலிக்கும் தெரியாது.

இடத்தின் பெயர் கிடைத்ததும் ஜனங்கள் போட்ட படங்களைப் பார். அழகான படத்துக்கு மயங்காதே, தேதியைப் பார். இந்தக் கோடையில் எடுத்தது ஒன்றாவது இருக்க வேண்டும். பிறகு மேலிருந்து எடுத்த செயற்கைக்கோள் படத்தைத் திற. இதை யாரும் செய்வதில்லை, ஆனால் எனக்கு இதில்தான் பாதி விஷயம் தெரிந்துவிடும். மர நிழலோ பந்தலோ இருக்கிறதா, சுற்றி வேலி உண்டா, வண்டி நிறுத்துமிடம் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது, பக்கத்தில் ஏரியோ குட்டையோ உண்டா? கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதே. ஸ்பிளாஷ் பேடில் தண்ணீர் தேங்குவதில்லை என்பதால் பெரும்பாலும் உயிர்காப்பாளர் யாரையும் போடுவதில்லை. தேங்காத தண்ணீரில் மூழ்கும் பயம் குறைவுதான். ஆனால் ஈரக் காலோடு நாலு எட்டு ஓடினால் குட்டை வந்துவிடும் பூங்காவில், கண் பார்க்க வேண்டியது அந்தக் குட்டைப் பக்கம்.

கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டுவிடு. ஸ்பிளாஷ் பேடை மூட ஆயிரம் காரணம் உண்டு: சீசன் தொடங்கியிருக்காது, பம்ப் பழுதாகியிருக்கும், வறட்சியால் தண்ணீர்க் கட்டுப்பாடு போட்டிருப்பார்கள், யாரோ பிறந்தநாளுக்கு இடத்தை எடுத்திருப்பார்கள். இடி இடித்தாலும் நிறுத்திவிடுவார்கள். கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகுதான் வெளியே வர வேண்டும் என்பது பொதுவான விதி. நீச்சல் உடை போட்டுக் கூட்டிப்போன பிறகு மூடியிருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பார், அப்போது தெரியும் அந்த ஒரு போனின் அருமை. இன்னொன்று, போய் நின்றதும் தண்ணீர் வரவில்லை என்றால் உடனே திரும்பிவிடாதே. பல இடங்களில் ஓரமாக ஒரு கம்பம் நிற்கும், அதில் பொத்தான் இருக்கும். அழுத்தினால், அல்லது கையை வைத்தால், சில நிமிடம் ஓடித் தானாக நின்றுவிடும். தண்ணீரை மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். இந்த இடங்கள் இரண்டு வகை. ஒன்றில் குடிநீர்க் குழாயிலிருந்து வரும் நீர் பிள்ளைகள் மேல் பட்டு, தரையில் இறங்கி, சாக்கடைக்கோ தோட்டத்துக்கோ போய்விடும். திரும்பி வராது. மற்றதில் அதே நீர் தரைக்கடியில் உள்ள தொட்டிக்குப் போய், வடிகட்டிக் குளோரின் கலந்து மறுபடி மேலே வரும். பெரிய, ஆடம்பரமான இடங்கள் அனேகமாக இரண்டாவது வகையாகத்தான் இருக்கும். அவ்வளவு நீரை ஒரே தடவையில் கொட்டிவிட்டால் எந்த நகராட்சிக்கும் கட்டுப்படியாகாது. அதற்காக இரண்டாவது வகை மோசம் என்று சொல்லவில்லை. ஒழுங்காகப் பராமரித்தால் நல்லதுதான். பராமரிக்காவிட்டால், ஒரே சட்டி நீரில் ஊரே கை கழுவுகிற கதை.

சுற்றிச் சுற்றி வரும் நீர் ஏன் சட்டென்று கெடுகிறது என்று சொல்கிறேன். நீச்சல் குளத்தோடு பார்த்தால் இங்கே நீரின் அளவு மிகக் கொஞ்சம், இறங்கும் பிள்ளைகளோ நிறைய. அவர்கள் காலில் வந்த மண், உடம்பில் பூசிய சன்ஸ்கிரீன், வியர்வை, டயபரில் இருப்பது எல்லாம் அதே தொட்டிக்குத்தான் இறங்குகின்றன. இதில் நீரைத் துளித்துளியாகக் காற்றில் பீய்ச்சுவதாலும், மேலே வெயில் அடிப்பதாலும் கலந்த குளோரின் வேகமாகக் குறைந்துபோகும். காலையில் சரியாக இருந்த அளவு, கூட்டம் ஏறிய மதியத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், நீர் தேங்குவதில்லை என்பதற்காகவே பல ஊர்களில் இவை நீச்சல் குளத்துக்கான சுகாதார விதிகளுக்குள் வராமல் நழுவிவிடுகின்றன.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1997 முதல் 2022 வரை அந்த நாட்டில் ஸ்பிளாஷ் பேட் நீரால் பரவிய நோய்களைக் கணக்கெடுத்தது. 60 தடவை நோய் பரவியிருக்கிறது, 10,611 பேருக்கு உடம்புக்கு வந்தது, 152 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அதில் 40 தடவைக்குக் காரணம் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. அதற்கு ஓடு கெட்டி. குளோரின் 1 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு நீரில் ஒரு பங்கு, இருந்தால் ஈகோலை கிருமி ஒரு நிமிடத்துக்குள் செத்துவிடும். இதுவோ அதே நீரில் பத்து நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்கும். பத்து நிமிடம் இல்லை, பத்து நாள். 2005இல் நியூயார்க் மாநிலத்தில் செனிகா ஏரிப் பூங்காவின் ஸ்ப்ரே கிரவுண்டில் இது பரவி ஆயிரக்கணக்கானவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அதன் பிறகுதான் அந்த மாநிலம் இப்படிப்பட்ட இடங்களில் புற ஊதாக் கதிரால் நீரைச் சுத்தம் செய்வதற்கு விதி போட்டது. குளோரினுக்கு மசியாத அந்த ஒட்டுண்ணி புற ஊதாக் கதிருக்கு மசியும்.

பயந்துவிடாதே. 26 வருஷக் கணக்கு அது, எத்தனை கோடிப் பிள்ளைகள் ஆடியிருப்பார்கள்! உன் அம்மா இவ்வளவையும் பின்னால் நின்று படித்துவிட்டு, "பிள்ளை விளையாடப் போகுதா, பரிசோதனைக்கூடத்துக்குப் போகுதா" என்று கேட்கிறாள். விளையாடத்தான். ஆனால் பூங்காத் துறைக்குப் போன் போடும்போது கூடவே மூன்று கேள்வி கேட்டால் காசா போகிறது? நீர் ஒருமுறைதானா, சுற்றி வருவதா? சுற்றி வந்தால் புற ஊதா விளக்கு இருக்கிறதா? குளோரின், பிஹெச் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) இரண்டையும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்கிறார்கள்? குளோரின் 1 பிபிஎம்முக்குக் குறையக் கூடாது, பிஹெச் 7.0க்கும் 7.8க்கும் நடுவில் இருக்க வேண்டும். கேட்டதும் பதில் வந்தால் அங்கே யாரோ பொறுப்பாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா" என்று இழுத்தால் வேறு இடம் பார். பொறுப்பில் இருந்தவனுக்கு எண் நாக்கு நுனியில் இருக்கும், எனக்கு இன்றும் இருக்கிறது.

நேரில் போனால், குளோரின் வாடை மூக்கைத் துளைத்தால் ரொம்பச் சுத்தம் என்று நினைத்துவிடாதே. அந்த வாடை வியர்வை, சிறுநீரோடு சேர்ந்து செலவான குளோரினின் வாடை. நல்ல நீருக்கு அவ்வளவு வாடை இருக்காது. வடிகால் சல்லடையைக் குனிந்து பார்: இலையும் பாண்ட்-எய்டும் அடைத்துக்கொண்டு, சுற்றி நீர் குளம் கட்டி நின்றால், தரையில் கால் வைத்ததும் வழவழவென்று இருந்தால், அன்றைக்குப் பிள்ளைகளை ஊஞ்சல் பக்கம் திருப்பிவிடு. கடைத்தெருவிலும் சதுக்கத்திலும் அலங்காரத்துக்கு வைத்திருக்கும் நீரூற்றில் பிள்ளைகள் இறங்குவதைப் பார்த்திருப்பாய். அதை ஆள் இறங்குவதற்காகக் கட்டவில்லை, அந்த நீரைச் சுத்தம் செய்ய யாரும் மெனக்கெட்டிருக்கவும் மாட்டார்கள். அது வேண்டாம்.

இனி உன் பக்கத்து வேலை. தொட்டியைக் கெடுப்பது வெளியே இருந்து வருகிற எதுவோ இல்லை, இறங்குகிற நாம்தான். சின்னக்குட்டிக்கு நீச்சல் டயபர் போட்டால் போதும் என்று நினைக்காதே. கெட்டியாக இருப்பதைத்தான் அது பிடிக்கும், இளக்கமாகப் போனால் கிருமி நீரில் கலந்துவிடும். மணிக்கொரு தடவை எட்டிப் பார், மாற்றுவதாக இருந்தால் தண்ணீர் விழும் இடத்திலிருந்து தள்ளிப்போய் மாற்று. பெரியவனை மணிக்கொரு தடவை கழிவறைக்குக் கூட்டிப்போ, ஆட்ட மும்முரத்தில் அவன் தானாக வர மாட்டான். வயிற்றுப்போக்கு இருந்தால் யாரும் போக வேண்டாம். அந்த ஒட்டுண்ணிதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், நின்ற பிறகும் இரண்டு வாரம் தண்ணீர்ப் பக்கம் கூடாது. நம் பிள்ளை அழும் என்று ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வரக் கூடாது.

தரையில் துளை இருக்கும் இடத்தில் பிள்ளைகள் ஒன்று செய்யும், கவனித்திருக்கிறாயா? பாதத்தை வைத்துத் துளையை அடைக்கும். நீர் பக்கவாட்டில் சீறிப் பக்கத்துப் பிள்ளையின் முகத்தில் அடிக்கும். அடித்த பிள்ளைக்கும் சிரிப்பு, வாங்கிய பிள்ளைக்கும் சிரிப்பு, வாயெல்லாம் தண்ணீர். அடுத்து அந்தத் துளை மேலேயே உட்கார்ந்துவிடும். பின்புறத்தில் ஒட்டியிருக்கும் அழுக்கெல்லாம் அப்படியே அலசிக் கீழே போகும், அந்த வேகத்தில் வலியும் எடுக்கும். உட்காரக் கூடாது, வாயில் போன நீரைத் துப்பிவிட வேண்டும், இந்த இரண்டை மட்டும் பெரியவனிடம் சொல்லி வை. பத்துச் சொன்னால் ஒன்றும் நிற்காது. இறங்குவதற்கு முன்னால் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டால் பீய்ச்சுகிற நீரை வாயில் பிடிக்கிற ஆசை கொஞ்சம் குறையும்.

காலையில் திறந்ததும் போய்விடுங்கள். 10 மணிக்கு மேல் 4 மணி வரை வெயிலின் புற ஊதாக் கதிர் கடுமை, கூட்டமும் அப்போதுதான் சேரும், ரப்பர்த் தரை பாதத்தைப் பொசுக்கும். சன்ஸ்கிரீனைக் கிளம்புமுன்பே பூசிவிடு, தோலில் ஊற நேரம் வேண்டும். இரண்டு மணிக்கொரு தடவை மறுபடி பூச வேண்டியிருக்கும். பிள்ளைகளுக்கு நீலமோ வெள்ளையோ வேண்டாம், ஆரஞ்சு போலக் கண்ணைப் பறிக்கும் நிறம் போடு. தண்ணீரும் கூட்டமுமாக இருக்கும் இடத்தில் உன் கண் தேடுவது சட்டையின் நிறத்தைத்தான். சின்னக்குட்டிக்குத் தலைக்கு மேல் வாளி கவிழ்வது பிடிக்காது என்று நினைக்கிறேன், தரையிலிருந்து தாழ்வாகப் பொங்கும் இடம் ஒரு ஓரமாக இருந்தால் அவளுக்கு அது போதும். வீட்டுக்கு வந்ததும் இருவரையும் சோப்புப் போட்டுக் குளிக்க வை.

ஒருமணி நேரம் வண்டியில் போய்ப் பெரிய இடத்தைப் பார்ப்பதைவிட, நடந்து போகிற தூரத்தில் நாலு துளையோடு இருக்கும் பூங்காவை முதலில் விசாரி. அந்தச் சின்ன இடம் அனேகமாக ஒருமுறை நீர் வகையாகத்தான் இருக்கும். உன் பட்டியலில் இருக்கும் இடங்களின் பெயரை எனக்கு அனுப்பு, செயற்கைக்கோள் படத்தை நானும் பார்க்கிறேன். அந்த மூன்று கேள்விக்கு அவர்கள் சொன்ன பதிலை அப்படியே எழுது, சுருக்காதே. பெரியவனுக்குப் பின்பட்டை வைத்த ரப்பர்ச் செருப்பு வாங்கிவிடு, சும்மா மாட்டுகிற செருப்போடு ஈரத் தரையில் ஓடினால் பல்லை உடைத்துக்கொள்வான்.

அன்புடன்,
அப்பா