முதலில் பாடியவர்கள் மூன்று பெண்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பின் இசைப் புதிரில், 'யூ கான்ட் ஹரி லவ்' என்ற ஆங்கிலப் பாட்டை முதலில் பாடியது யார் என்று கேட்டிருந்தீர்கள். என் பேத்தி 'சுப்ரீம்ஸ்' என்று எழுதி அனுப்பினாள். மூன்று பெண்கள் சேர்ந்து பாடிய அமெரிக்கக் குழு அது. இந்த வாரம் பார்த்தால் சரியான விடை இங்கிலாந்துப் பாடகர் பில் காலின்ஸ் என்று போட்டிருக்கிறது. பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தாள். விடையைச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். வீடு பிரிக்கிற இடத்தில் நிலை, கதவு, பீங்கான், எனாமல் சட்டி எல்லாம் வாங்கி விற்பது தொழில். இருபது வருஷத்துக்கு முன்னால் தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில், இரண்டாம் கட்டு அறையில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. அந்த வீட்டு ஐயா பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போனவராம். திறந்தால் அந்துருண்டை வாடை. மேலே நாலு பட்டு வேட்டி, அடியில் ரிக்கார்டுகள். அதில் ஏழு அங்குலத் தட்டு ஒன்று, லேபிளில் சுப்ரீம்ஸ் என்று போட்டு.

கடையில் ஊசி நன்றாக இருந்த ஒரே பிளேயரில் வைத்தேன். மூன்று நிமிஷம்கூட ஓடாத பாட்டு. ஆரம்பமே பேஸ் கிட்டார்தான், திண்ணையில் பிள்ளைகள் துள்ளிக்கொண்டு ஓடுவது மாதிரி. வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அந்தத் தட்டை வெளியிட்டது மோடவுன் என்ற ரிக்கார்டு கம்பெனி. அந்தக் காலத்து மோடவுன் தட்டுகளில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. வாத்தியக்காரர்கள் பெயரைப் போடுகிற வழக்கமே அந்தக் கம்பெனிக்கு அப்போது இல்லை.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் பெர்ரி கோர்டி என்பவர் 1959இல் வீட்டாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய கம்பெனி அது. பாட்டை எழுதியவர்கள் ஹாலந்து சகோதரர்கள் இருவரும் லமாண்ட் டோசியரும். பாடியவர்கள் டயானா ராஸ், மேரி வில்சன், புளோரன்ஸ் பல்லார்ட். 1966 செப்டம்பரில் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் முதலிடம். அந்தக் குழுவுக்கு அங்கே கிடைத்த 12 முதலிடங்களில் இது ஏழாவது. அடுத்த வருஷமே பல்லார்டைக் குழுவிலிருந்து அனுப்பிவிட்டார்கள். 1976இல், 32 வயதில் போய்ச் சேர்ந்தார். அவர் குரல் பின்னால் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வயதுதான் ஞாபகம் வரும்.

காலின்ஸ் பாடியது 1982இல். பிரிட்டனில் 1983 ஜனவரியில் முதலிடத்துக்கு வந்தது. சுப்ரீம்ஸ் அங்கே மூன்றாம் இடத்தோடு நின்றவர்கள். அவர் பாடியது மட்டம் என்று சொல்ல மாட்டேன், எனக்கும் பிடிக்கும். பழைய மெட்டை மாற்றாமல், டிரம்ஸை மட்டும் கொஞ்சம் கனமாக வைத்துப் பாடியிருக்கிறார். வீடியோவில் தானே மூன்று ஆளாக வந்து நிற்பார், மூன்று பேர் பாடிய பாட்டு என்று ஒப்புக்கொள்கிற மாதிரி. மனிதர் எதையும் மறைக்கவில்லை. உங்கள் புதிர்ப் பகுதிதான் மறந்துவிட்டது. அந்த 1983 ஆகஸ்டிலேயே ஜேமர்சன் இறந்தார், 47 வயது.

நான் விற்ற பர்மாத் தேக்குத் தூண் ஒன்று பெங்களூரில் ஒரு ஹோட்டல் வாசலில் நிற்கிறது. பார்க்கிறவர்கள் ஹோட்டல் தூண் என்றுதான் சொல்வார்கள். சரி, நான் காசு வாங்கிவிட்டேன், கேட்க முடியாது. பாட்டு விஷயத்தில் அப்படி விட மனசு வரவில்லை.

எங்கள் ஆத்தா இருந்தபோது இந்தத் தட்டைக் கேட்டுவிட்டு, "என்னப்பா சொல்றாளுக?" என்றார்கள். "காதல்ல அவசரப்படாதே, காத்திருன்னு அம்மா சொன்னாங்களாம்" என்றேன். "பதறாத காரியம் சிதறாதுன்னு நான் சொன்னா நீ கேட்டியா? சீமைக்காரி பாடுனா உக்காந்து கேக்குறே" என்றார்கள். அதோடு விடாமல் இன்னொரு தரம் போடச் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறு ஒரு வரி திருத்தம் போட்டால் போதும். சரியான விடைக்கு ஒரு ஹாட்பாக்ஸ் பரிசு என்று அறிவித்திருந்தீர்கள். எனக்கு அது வேண்டாம். பேத்தி வேண்டும் என்கிறாள்.

இப்படிக்கு,
பழைய சாமான் கடைக்காரன்,
முனீஸ்வரன் கோயில் தெரு, காரைக்குடி.