முன்களப் பயிற்சியாளரை மாற்றினால் கோல் வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பாடசாலை உதைபந்தாட்ட அணி ஒரு கோலும் அடிக்காமல் தோற்ற நாளில் இருந்து மாங்குளம் சந்தித் தேத்தண்ணிக் கடைகளில் ஒரே பேச்சுத்தான்: கோல் அடிக்க முன்னுக்கு நிற்கும் பிள்ளைகளைப் பழக்கும் முன்களப் பயிற்சியாளரை மாற்ற வேண்டும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஆட்டத்தைப் பார்த்தவர்கள் நினைத்துப் பாருங்கள். வலதுபக்கத்தால் ஓடிய தம்பி திரும்பத் திரும்ப மூலைக் கொடிவரை போய்ப் பந்தை உள்ளே போட்டான். வாங்க ஆளில்லை. நடுவில் நின்ற ஒரே முன்கள வீரனை எதிரணியில் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நடுக்களத்தில் இருந்து இன்னொருவன் பின்னால் ஓடி வந்திருந்தால் கதையே வேறு. அந்த ஓட்டத்தைப் பழக்கப் பின்னேரம் வேண்டும். பிள்ளைகளோ ஒட்டுசுட்டான், துணுக்காய் பஸ்ஸைப் பிடிக்கப் பாதிப் பயிற்சியில் ஓடுகிறார்கள். மாரி தொடங்கினால் மைதானம் முழுக்க வெள்ளம், அந்தப் பாதிப் பயிற்சியும் இல்லை.

ஜேர்மனி உதைபந்தாட்ட அணிக்கு யோவாக்கிம் லோவ் 2004 இல் உதவிப் பயிற்சியாளராக வந்தார், 2006 இல் தலைமைப் பயிற்சியாளரானார். உலகக் கிண்ணம் கிடைத்தது 2014 இல்தான். அதுவரை அவர்கள் ஆளை மாற்றவில்லை.

பழைய மாணவர்களே, ஆளை மாற்றக் கையெழுத்துச் சேர்ப்பதை விட்டுவிட்டு, பயிற்சி நாட்களில் பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் விட ஒரு வானுக்குக் காசு சேருங்கள். முதல் பங்கு என்னுடையது.

பழைய மாணவன்,
மாங்குளம்.