கோட்டை டூருக்கு எக்ஸ்ட்ராவா வாங்கின காசைத் திருப்பிக் குடுங்க

வணக்கம் சார், போன சனிக்கிழமை உங்க டூர்ல அமெரிக்காவுல ஃபுளோரிடா மாநிலத்து கீ வெஸ்ட்ல போட் ஏறி, கடல் நடுவுல தீவுல இருக்கற ஃபோர்ட் ஜெஃபர்சன் கோட்டையைப் பாக்க வந்தோம், நாங்க நாலு பேரு. 'கோட்டை கட்டின கதை, தமிழ்ல ஒரு மணி நேரம்'னு சொல்லி தலைக்கு 45 டாலர் தனியா வாங்குனீங்களே, புகார் அதைப் பத்திதான்.

நான் கட்டட சாமான் சப்ளை பண்றவன். ஒரு லோடு ரெண்டு நாள் லேட்டானாலே சைட்ல இருந்து போன் மேல போன் வரும். இங்க என்னடான்னா சுத்தியும் கடல், குடிதண்ணி கூட கிடையாது, அப்படிப்பட்ட தீவுல 1846ல வேலையை ஆரம்பிச்சு 1 கோடியே 60 லட்சம் செங்கல்லை கப்பல்லயே கொண்டு வந்து எறக்கியிருக்காங்க, அது எப்படின்னு கேக்கத்தான் அவ்ளோ தூரம் வந்தேன்.

உங்க கைடு தம்பி பேசினது மொத்தமே பத்து நிமிஷம். செவுரு கீழ மஞ்சளா வெளிறி இருக்கு, மேல மட்டும் நல்ல செவப்பா இருக்கே ஏன்னு கேட்டா "வெயில்ல வெளுத்துருச்சுண்ணே"ங்கிறாரு. வெயில் மேல படாம கீழ மட்டும் படுமா? கீழ இருக்கறது ஃபுளோரிடாவுலயே பென்சகோலா ஊருப் பக்கத்து சூளைச் செங்கல்லு. 1861ல ஃபுளோரிடா அமெரிக்காவுல இருந்து பிரிஞ்சு போய் வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுச் சண்டை வந்ததும் அந்த சப்ளை நின்னு போச்சு, ஆனா கோட்டை வடக்கு ராணுவம் கையிலயே இருந்துச்சு, அதனால மெய்ன் மாதிரி வடக்கு மாநிலங்கள்ல இருந்து கல்லு வரவழைச்சாங்க, மண்ணு வேற, கலரும் வேற. அவ்வளவுதான் விஷயம்.

பீரங்கி ஜன்னல் சுத்தி செவுரு பிளந்து கிடக்கறதைக் காட்டி குண்டு பட்டுதுன்னாரு. இந்தக் கோட்டை மேல யாரும் சண்டைக்கே வரல சார்! ஜன்னல்ல வெச்ச இரும்பு உப்புக் காத்துல துருப்பிடிச்சு உப்பி கல்லை வெளிய தள்ளுது, கீழ உதிர்ந்து கிடந்ததைத் தொட்டேன், விரல் பூரா துரு. கீ வெஸ்ட் முதலாளிங்க கிட்ட வாடகைக்கு எடுத்த அடிமைகளும் இங்க வேலை செஞ்சிருக்காங்க, அதைப் பத்தி ஒரு வார்த்தை கூட வரல. அப்புறம் மீன் பாக்கப் போலாம்னு கடல்ல எறங்கிட்டாரு, கிளம்புற வரைக்கும் ஆளைக் காணோம்.

நீங்க குடுத்த புளியோதரை நல்லா இருந்துச்சு, அதுல குறை இல்ல. நாலு பேருக்கு 180 டாலர், கட்டின கார்டுக்கே திருப்பிப் போடுங்க, ரசீது இதோட வெச்சிருக்கேன்.