எருக்குழி போன வீட்டுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கொல்லையில் பாதி அண்ணன் பாகத்துக்குப் போய்விட்டது, எருக்குழியை மூடி அதன்மேல் கார் நிறுத்த சிமெண்ட் போட்டுவிட்டார்கள் என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. அந்தக் குழி எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. காலேஜ் படிக்கும்போது பொங்கல் லீவுக்கு கும்பகோணம் வந்தேனே, அன்று சாப்பிட்ட வாழை இலையை எல்லாம் உன் அம்மா சுருட்டி எடுத்துப்போய் அதில் போட்டு, மேலே ஒரு கூடை சாணியைக் கொட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து காபி கலந்தார்கள். எங்கள் வீட்டில் அப்போது குப்பை என்றால் தெருமுனைத் தொட்டிதான். குப்பை வீட்டுக்குள்ளேயே ஒரு வேலைக்கு ஆகும் என்பதை முதலில் பார்த்தது உங்கள் கொல்லையில்தான்.

முற்றத்தில் பத்துக்கு ஆறு இடம் மிச்சம் இருக்கிறது, சமையலறைக் கழிவை உரமாக்க நான் வளர்க்கிற மண்புழுவை அங்கே வைத்தால் நாற்றம் வருமா என்று கேட்டிருக்கிறாய். வராது, ஆனால் வராமல் பார்த்துக்கொள்வது உன் கையில் இருக்கிறது. நான் இரண்டாவது மாடியில், நாலுக்கு எட்டு பால்கனியில் செய்கிறேன். ஃபோனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் இதில் இறங்கியதற்குக் காரணம் அந்தப் புகை. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பிடித்து நாள் கணக்கில் எரிந்தது. வேளச்சேரியில் ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தும் தொண்டை கரகரத்தது, மாமியாருக்கு ராத்திரி முழுக்க இருமல். ஈரக் குப்பை காற்றுப் படாமல் அடியில் புதைந்து கிடந்தால் தீப்பற்றக்கூடிய மீத்தேன் வாயு கிளம்பும் என்பது நாம் படித்ததுதானே. அந்த மேட்டில் என் வீட்டுக் கீரைத்தண்டும் வாழைப்பூ மடலும் எத்தனை வருடத்துக்கானது கிடக்கிறதோ என்று நினைத்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இத்தனைக்கும் அது பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஓரத்தில் இருக்கிறது. அதே வருடம்தான் அந்தச் சதுப்புநிலத்தை ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்தார்கள். ஒரு பக்கம் நாரையும் பூநாரையும் வந்து இறங்குகிற தண்ணீர், இன்னொரு பக்கம் நம் குப்பை.

சரி, முதலில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன், நீ அதைச் செய்யாதே. புழுவும் பெட்டியும் சேர்த்து ஒருவரிடம் வாங்கினேன். சமையலறையில் மிஞ்சுவது எதுவானாலும் போடலாம், மூடி வைத்துவிட்டால் தானே உரமாகிவிடும் என்று சொல்லித்தான் கொடுத்தார். ஏழெட்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று. அடுத்த மே மாதம் மகளின் நிச்சயதார்த்தம் வீட்டிலேயே வைத்தோம். மிஞ்சிய சாதம், கூட்டு, இலை எல்லாவற்றையும் ஒரே நாளில் அந்தப் பெட்டிக்குள் அடைத்து அழுத்தி மூடினேன். வெளியே நாற்பது டிகிரி வெயில். உள்ளே இத்தனை அழுகல் சேர்ந்ததும் அதுவே தனியாகக் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் பால்கனிக் கதவைத் திறந்தேன். தரை முழுக்க நூல் நூலாகக் காய்ந்து கிடந்தன, மங்கை. ராத்திரி தப்பித்து வெளியே வந்து, ஈரம் தேடி ஊர்ந்து, சுவர் ஓரம் வரைக்கும் போய்ச் செத்திருக்கின்றன. மூடியைத் திறந்தால் கண்ணைக் கரிக்கிற அம்மோனியா நாற்றம். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் நம் லேப் நினைவுக்கு வந்தது. மெழுகுத் தட்டில் மண்புழுவைக் குண்டூசி குத்திப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, அந்த நரம்பு வளையத்தைத் தேடித் தேடி அறுத்தோமே. நீ ஒரே வெட்டில் சரியாக எடுப்பாய், நான் எப்போதும் அறுத்துவிடுவேன். சீட்டாவை, அதன் உடம்பில் முள் மாதிரி இருக்குமே அந்த மயிரை, எடுத்து ஸ்லைடில் வைத்துப் படம் வரைந்தோம். மூன்று வருடம் விலங்கியல் படித்தும் ஒரு மண்புழு சாப்பிடுவதை நாம் ஒரு நாளாவது பார்த்தோமா? தோலால்தான் மூச்சுவிடும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன், ஆனால் தோல் காய்ந்தால் அது எப்படிச் சாகும் என்பது ஐம்பத்திரண்டு வயதில் என் பால்கனியில்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டுதான் திரும்ப ஆரம்பித்தேன். முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: புழு நம் காய்கறியைத் தின்பதில்லை, அழுகலைத் தின்கிறது. அதற்குப் பல் கிடையாது. காய்கறி மேல் பூஞ்சையும் பாக்டீரியாவும் படர்ந்து இளகிக் கொழகொழவென்று ஆன பிறகு அதை உறிஞ்சிக்கொள்ளும், உடம்புக்குள் இருக்கிற அரைவைப்பையின் மணல் அதை அரைக்கும். ஆகவே நான் இப்போது சமையலறைக் கழிவை நேராகத் தொட்டியில் போடுவதே இல்லை. ஒரு பழைய பக்கெட்டில், அடியில் ஓட்டை போட்டு, காய்ந்த இலையும் கிழித்த பேப்பரும் கலந்து ஐந்தாறு நாள் வைக்கிறேன். சூடு எல்லாம் அங்கேயே ஏறி இறங்கிவிடும். அப்புறம்தான் தொட்டிக்குப் போகிறது. சாணியும் அப்படித்தான், உன் தெருவில் மாடு வைத்திருப்பவர்களிடம் வாங்கினால் அன்றைக்கே போட்டுவிடாதே, பதினைந்து நாளாவது நிழலில் ஆறட்டும்.

அளவு விஷயத்தில் உன் கையை நீயே கட்டிப்போட வேண்டும். நல்ல நிலையில் இருக்கிற புழு ஒரு நாளைக்குத் தன் எடையில் பாதி தின்னும் என்பார்கள். அரை கிலோ புழு வைத்திருந்தால் கால் கிலோ கழிவு, அதுவும் அவை புது இடத்துக்குப் பழகிய பிறகு. முதல் பத்து நாள் ஒரு கைப்பிடிக்கு மேல் போடாதே. எங்கள் மூன்று பேர் வீட்டில் ஒரு நாளைக்கு முக்கால் கிலோ வரை ஈரக் கழிவு சேருகிறது, அதற்கு இப்போது இரண்டு தொட்டி இருக்கிறது. முன்பு போட்டது அப்படியே இருந்தால் இன்றைக்குப் போட வேண்டாம், அவ்வளவுதான். கெட்டுப்போன தொட்டி என்று பிறர் என்னிடம் காட்டியதில் பெரும்பாலும் அதிகமாகப் போட்டதுதான் காரணமாக இருந்தது.

தொட்டிக்கு விலை கொடுத்துப் பெட்டி வாங்காதே. பழைய பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்தால் போதும், இல்லாவிட்டால் வாய் அகன்ற மண்தொட்டி, உங்கள் ஊரில் கிடைக்காததா. அடியில் ஓட்டை, அதன்மேல் உடைத்த செங்கல், அதன்மேல் மணல், அப்புறம் தென்னை நார்க்கழிவு நாலு விரல் உயரம், அப்புறம் ஆறின சாணி. நார்க்கழிவைக் கட்டியாக வாங்கினால் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிடு, அதில் உப்பு இருக்கும், உப்பு இதுகளுக்கு ஆகாது. மேலே நனைத்த கோணிச்சாக்கு. ஈரம் எவ்வளவு என்றால், ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரல் இடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது.

எறும்பை மட்டும் மறந்துவிடாதே. இரண்டாவது தடவை ஆரம்பித்த மாதமே சிவப்பெறும்பு வரிசை கட்டி ஏறிவிட்டது. மாமியார் பார்த்துவிட்டு, திருவாசகத்தில் எறும்புக்கு நடுவில் மாட்டிக்கொண்ட நாங்கூழ் மாதிரி என்று வருமே, அது இதுதானே என்றார். நாங்கூழ் என்றால் மண்புழு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். புலன்கள் தன்னை அரிப்பதற்கு மாணிக்கவாசகர் சொன்ன உவமை அது. எறும்புகள் மொய்த்த புழு துடிக்கிற துடிப்பை ஒரு தடவை பார்த்தவர்தான் அப்படி எழுதியிருக்க முடியும். மாமியாரே வழியும் சொன்னார், மிட்டாய் அலமாரிக்குச் செய்கிற மாதிரி, தொட்டி வைத்த ஸ்டாண்டின் நாலு காலுக்கும் அடியில் தண்ணீர்க் கிண்ணம். அதோடு தீர்ந்தது. கிண்ணத்தில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றிவிடு, கொசு வரும்.

எந்தப் புழு என்று கேட்டாய். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் ஐசீனியா இல்லாவிட்டால் யூட்ரிலஸ், இரண்டுமே வெளிநாட்டு வகை. ஐசீனியாவுக்குக் குளிர்ந்த இடம் பிடிக்கும், நம் வெயிலில் திணறுகிறது. யூட்ரிலஸ் சூட்டைக் கொஞ்சம் தாங்கும், ஆனாலும் முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் போனால் அதுவும் போய்விடும். நம் மண்ணிலேயே இருப்பது பெரியோனிக்ஸ், மெலிந்த உடம்பு, வெளிச்சத்தில் நீலமாக மினுங்கும். நம்மூர்ப் புழுவையே வைத்துக்கொள்ளுங்கள் என்று பல காலமாகச் சொல்லிவருகிறாரே, சென்னை புதுக்கல்லூரியில் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில், அவர் பேச்சைக் கேட்ட பிறகுதான் நான் மாறினேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு: இங்கே இருக்கிறதை விட்டுவிட்டு எங்கேயோ இருந்து கொண்டுவர வேண்டியதில்லை. என்ன, பெரியோனிக்ஸ் மழை வருகிற ராத்திரிகளில் வெளியே ஏறி அலையும், சாக்கைச் சரியாக மூடிவை.

போடக்கூடாதது உனக்கே புரியும். எண்ணெய், உப்பு போட்டுச் சமைத்தது, மீன், தயிர், ஊறுகாய் வேண்டாம். எலுமிச்சைத் தோல், புளிச்சக்கை, வெங்காயம், பூண்டு, மிளகாய் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, நிறைய வேண்டாம். மாங்கொட்டையும் முருங்கைக்காய்ச் சக்கையும் மாதக் கணக்கில் அப்படியே கிடக்கும். சாமிக்குப் போட்ட பூவைப் போடலாம், ஆனால் இப்போது பூக்காரர்கள் வாழைநாருக்குப் பதில் நைலான் நூலில் கட்டுகிறார்கள், அதைப் பிரித்து எடுத்துவிட்டுப் போடு. ஒரு தடவை நான் விட்டுவிட்டேன், நூலுக்குள் மூன்று புழு சிக்கியிருந்தன, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி விடுவித்தேன். முட்டை ஓட்டைக் காயவைத்து மிக்சியில் பொடித்துத் தூவினால் நல்லது. பில்டர் காபிச் சக்கை இவற்றுக்குக் கொள்ளைப் பிரியம், தர்பூசணித் தோலும் அப்படித்தான்.

அந்தத் தர்பூசணித் தோலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ராத்திரி பத்து மணிக்கு மேல், டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொண்டு (வெள்ளை வெளிச்சம் பட்டால் ஓடிவிடும்) சாக்கை மெல்லத் தூக்கித் தோலைத் திருப்பினால், உள்பக்கக் குழியில் முப்பது நாற்பது ஒன்றாகப் பின்னிக்கொண்டு கிடக்கும். காதைக் கிட்டே வைத்தால் சின்னதாக ஒரு சத்தம் வரும், ஈரமான துணியை மெல்லப் பிரிக்கிற மாதிரி. அதன் பக்கத்திலேயே முட்டைக்கூடுகள், குட்டி எலுமிச்சம்பழ வடிவத்தில், கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக. ஒன்றை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன், உள்ளே ஏதோ சிவப்பாக நெளிந்தது. டார்வின் தன் கடைசிக் காலத்தில் புழுச் சட்டிகளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, பியானோ வாசித்தால் கேட்கிறதா என்று பார்த்தார் இல்லையா, சத்தத்துக்கு அசையாத புழு, சட்டியைப் பியானோ மேலேயே வைத்து வாசித்ததும் அதிர்வை உணர்ந்து வளைக்குள் போய்விட்டதாம். 1881-இல் அவருடைய புழுப் புத்தகம் வந்தது, அடுத்த வருடம் இறந்துவிட்டார். அத்தனை பெரிய மனிதர் எதற்கு இதில் இவ்வளவு நேரம் செலவழித்தார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது நானே தினம் அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு மாதத்தில் மேல்பக்கம் டீத்தூள் மாதிரி ஆகிவிடும். மூன்று நாள் தண்ணீர் தெளிக்காமல் விட்டு, நிழலில் ஒரு சாக்கை விரித்துக் கோபுரமாகக் குவித்து வை. வெளிச்சத்துக்குப் பயந்து புழு கீழே கீழே போகும், நீ மேலே இருந்து வழித்துக்கொண்டே வரலாம். முகர்ந்து பார், முதல் மழை பெய்த மண் வாசனை வர வேண்டும், வேறு எந்த வாசனை வந்தாலும் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். அடியில் வடிகிற தண்ணீரைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து செடிக்கு ஊற்றுகிறேன். என் கறிவேப்பிலை இரண்டு வருடமாக நிமிராமல் நின்றது உனக்குத் தெரியும். இந்த வருடம் பால்கனிக் கம்பிக்கு மேலே போய்விட்டது, எதிர் வீட்டு அம்மா தினம் ஒரு கொத்து பறித்துக்கொண்டு போகிறார். அவர் வீட்டுக் கீரைத்தண்டு இப்போது என் பக்கெட்டுக்கு வருகிறது.

மற்றபடி எல்லோரும் சுகம். மகள் பெங்களூரில், மாப்பிள்ளையும் அங்கேதான். இவருக்கு சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் முட்டி வலிக்குத் திரும்ப டாக்டரைப் பார்த்தாயா, அதைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை நீ. குனிந்து கிளற முடியாது என்றால் தொட்டியைத் திண்ணை உயரத்தில் வை.

தீபாவளி முடிந்து இரண்டாம் வாரம் கும்பகோணம் வருகிறேன். அதற்குள் வெயிலெல்லாம் தணிந்துவிடும், புழு எடுத்து வருவதற்கு நல்ல நேரம். ஈர நார்க்கழிவில் சுற்றித் துணிப்பையில் அரை கிலோ கொண்டுவருகிறேன், ரயிலில் என் காலடியிலேயே வைத்துக்கொள்வேன். நீ சாணியை மட்டும் ஐப்பசி பிறந்ததும் வாங்கி ஆறப்போட்டு வை. அம்மாவிடம் சொல், இந்தத் தடவை இலையை நான் சுருட்டிக்கொள்கிறேன் என்று.

உன்,
சாந்தி