பணத்தைவிட அந்த ஒரு கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுத் தொழில் தொடங்குபவர்களுக்குப் பணமும் வழிகாட்டுதலும் தரும் ஆக்சிலரேட்டர் திட்டம் என்றாலே எவ்வளவு பணம் கிடைக்கும் என்றுதான் பேச்சு. 2009 தொடக்கத்தில் வீட்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி தளத்தின் நிறுவனர்கள் மூவரும், கலிஃபோர்னியாவில் ஒய் காம்பினேட்டர் என்ற ஆக்சிலரேட்டரில் சேர்ந்தபோது கிடைத்தது 20,000 டாலர்தான். அதற்குமுன் கடனில் மூழ்கி, காலை உணவுத் தானியப் பெட்டி விற்று நாளை ஓட்டியவர்கள் அவர்கள். வாடிக்கையாளர்கள் நியூயார்க்கில் இருக்க, நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார் ஒய் காம்பினேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் கிரஹாம். உடனே விமானம் ஏறினார்கள். கேமராவை வாடகைக்கு எடுத்து, வீடு வீடாகப் போய் அறைகளைப் படம் பிடித்தார்கள். வாரம் 200 டாலரில் தேங்கிக் கிடந்த வருமானம் இரட்டிப்பானது.

எங்கே தவறு என்று தெரியாத தவிப்புதான் முதல் வருடத்தில் ஆளைச் சாய்க்கிறது. என் மகன் விசைத்தறியில் நூல் அறுந்தால் எச்சரிக்கும் கருவி செய்கிறான். எட்டு மாதம் அறைக்குள்ளேயே மென்பொருளைத் திருத்திக்கொண்டிருந்தான். அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் சோமனூர் தறிக்கூடம் ஒன்றில்கூடக் கால் வைக்கவில்லை. போ என்று சொல்ல அவனுக்கு ஆள் இல்லை.

புதுத் தொழில்களுக்குத் தமிழக அரசு தரும் டான்சீட் போன்ற மானியம் பெறும் ஒவ்வொரு இளைஞரிடமும், இந்த வாரம் எத்தனை பேரைப் பார்த்தாய் என்று வாராவாரம் கேட்க, தொழில் நடத்திப் பழகிய ஒருவரை நியமிக்க வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், கோவை