டைமரை அணைத்துவிட்டு இதைப் படி

டூசான், அரிசோனா,
செப்டம்பர் கடைசி

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாச்சு. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். கணேசன் ரிட்டையர் ஆகிறானாம். மிச்சமெல்லாம் நேரில்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பின படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிரியோசோட், இந்த ஊர்ப் பாலைவனப் புதர்ச் செடி, நுனியெல்லாம் வெளிறி, தண்டு வெடவெடவென்று நீண்டு, அடி மண் கறுத்து, சொட்டுக் குழாய் ஓரத்தில் பாசி! பாலைவனத்துச் சாண்ட்லரில் பாசி வளர்த்த புண்ணியவதி நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். அதற்குக் கீழே ஒரு கேள்வி வேறு: "தண்ணீர் பத்தலையோ?" முதலில் போய்ச் சொட்டுக் குழாய் டைமரை அணைத்துவிட்டு வந்து மேலே படி.

அந்த டைமரில் நீ வைத்திருக்கிற தினம் பத்து நிமிஷம் என்பது புல்தரைக்கும் பூந்தொட்டிக்கும் போட்ட கணக்கு. மணிக்கு 1 காலன் சொட்டும் முனையில் பத்து நிமிஷத்துக்கு வருவது ஒரு சொம்பு. மேல் மண் இரண்டு மூன்று அங்குலம் சதா ஈரமாக நிற்கும், அதற்குக் கீழே பொட்டல். வேர் ஈரம் இருக்கிற இடத்தைவிட்டு இறங்காது, தண்டின் அடியோ அழுக ஆரம்பிக்கும். நம் குழாய்த் தண்ணீரில் உப்பும் ஜாஸ்தி. மேலாக நனைத்து நனைத்துக் காயவிட்டால் அந்த உப்பு முழுக்க வேர் மட்டத்திலேயே தங்கும். நுனி வெளிறி மஞ்சளடித்ததற்குக் காரணம் இன்னொன்று. இந்தச் சுண்ணாம்பு மண்ணில் ஈரம் வடியாமல் நின்றால், இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நர்சரிக்காரர் இரும்புச் சத்துப் பொடி நீட்டுவார், வாங்காதே. மண் காய்ந்தால் தளிர் தானே பச்சைக்குத் திரும்பும்.

தாகத்தில் வாடுகிற செடி வேறு மாதிரி இருக்கும். பழைய இலை பழுப்படித்து உதிரும், மிஞ்சுவது சின்னச் சின்ன இலையும் மொட்டும்தான், தொட்டால் பிசின் விரலில் ஒட்டும். செத்துவிட்டதென்று பிடுங்கிவிடாதே. ஒரு நல்ல மழை பெய்ததும் துளிர்த்துவிடும்.

இது பிழைக்கிறதா பார். பிழைக்காவிட்டால் அக்டோபரில் புதிதாக வை. வெயில் தணிந்து மண்ணில் சூடு மிச்சமிருக்கும் அந்த மாதம்தான் வேர் பிடிக்கத் தோது. ஃபீனிக்ஸ் டெசர்ட் பொட்டானிக்கல் கார்டனில் வருஷம் இரண்டு தடவை செடி விற்பார்கள், இலையுதிர் கால விற்பனைக்குப் போ. 1 காலன் தொட்டியில் இருக்கிற இளஞ்செடியாகப் பார்த்து வாங்கு. 5 காலன் செடி ஜம்மென்று இருக்கும், ஆனால் உள்ளே வேர் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், இதற்கோ வேரைத் தொட்டாலே ஆகாது. பாலைவனத்தில் சும்மாதானே நிற்கிறது என்று ஊருக்கு வெளியே போய்த் தோண்டிக்கொண்டு வரும் யோசனை உன் வீட்டுக்காரருக்கு வரும். சட்டச் சிக்கல் ஒரு பக்கம், தோண்டின செடி பிழைக்காது என்பது இன்னொரு பக்கம்.

குழி விஷயத்தில் அப்பா சொல்லிக்கொடுத்ததை மறந்துவிடு. தென்னங்குழி இல்லை இது. ஆழம் தொட்டி மண் அளவுதான், அகலம் அதைப்போல மூன்று பங்கு. எரு, கம்போஸ்ட், தொழுவுரம் எதுவும் வேண்டாம், தோண்டின மண்ணையே திருப்பிப் போடு. குழிக்குள் மட்டும் கொழுத்த மண் இருந்தால் தண்ணீர் அதற்குள் குளமாக நிற்கும், வேரும் வெளியே போகாது. செடி வைக்குமுன் குழி நிறையத் தண்ணீர் விட்டு வடியவிடு, மறுபடி நிரப்பு. இரண்டாவது தடவை விட்டது மறுநாளும் நின்றால் அடியில் கலீச்சி இருக்கிறது, நம்மூர் சுக்கான் பாறையேதான். கடப்பாரையால் ஒரு துளையாவது அதை ஊடுருவிப் போகிற மாதிரி போடு. முடியவில்லையா, வேறு இடம் பார். தொட்டியைக் கத்தரித்துப் பிரி, தண்டைப் பிடித்து இழுக்காதே. தொட்டி மண்ணின் மேல்மட்டம் தரைமட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கட்டும். இரண்டு செடி வைத்தால் 6 முதல் 8 அடி இடைவெளி. நிழலில் வைக்காதே, நாள் முழுக்க வெயில் வேண்டும்.

தண்ணீருக்கு ஒரு கம்பி வைத்துக்கொள், அரை அங்குலக் கனம், 3 அடி நீளம். தண்ணீர் விட்டதும் மண்ணில் குத்து. ஈரம் இருக்கிற மட்டும் வழவழவென்று இறங்கும், காய்ந்த மண் வந்ததும் சட்டென்று நிற்கும். புதருக்கு 2 அடி நனைய வேண்டும். முதல் இரண்டு வாரம் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை. பிறகு வாரம் ஒன்று. குளிர்காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒன்று போதும். முதல் கோடையில்தான் ஏமாற்றிவிடும்: பாலைவனச் செடிதானே என்று விட்டால் மே, ஜூனில் கருகிவிடும். அந்த ஒரு கோடைக்கு வாரம் ஒன்று, கம்பி 2 அடி இறங்குகிற அளவு விடு. இரண்டாம் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. மூன்றாம் கோடையில் மழை பொய்த்தால் மாதம் ஒன்று. அப்புறம் குழாயைப் பிடுங்கி எறி. ஒன்று கவனி, உன் எலுமிச்சை இருக்கிற வால்விலேயே இதையும் மாட்டியிருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே கணக்கு ஒத்துவராது. தனி வால்வு வை, இல்லாவிட்டால் ஹோஸ் பிடி. உரம் கிடையவே கிடையாது. போட்டால் தண்டு மெத்தென்று உயர்ந்து, ஆகஸ்ட் காற்றில் முறிந்து விழும்.

உங்கள் குடியிருப்புச் சங்கம் (எச்.ஓ.ஏ) கடிதம் போடுமுன் கத்திரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உன் தெருவில் டெக்ஸாஸ் சேஜ் புதரை உருண்டை உருண்டையாக மொட்டையடித்திருக்கிறார்களே, பார்க்கவே வயிறு எரிகிறது. மழைக்கு முன் ஊதாப்பூ பூக்க வேண்டிய நுனியை வெட்டிவிட்டு, இது பூக்கவே மாட்டேன் என்கிறது என்பார்கள். கிரியோசோட்டில் அந்த வேலை ஆகாது. குளிர் முடியும்போது, பிப்ரவரி வாக்கில், கிழட்டுத் தண்டாகப் பார்த்து இரண்டு மூன்றைத் தரையோடு அறு. மீதி தன்பாட்டில் விரியட்டும். உயரம் 6 அடிக்குக் குறையாது, ஆகையால் ஜன்னலுக்கு நேரே வைத்துவிட்டுப் பிறகு அழாதே.

தண்டில் வாதுமைக்கொட்டை அளவு இலையடர்ந்த பச்சை உருண்டை வந்தால் பதறாதே. கொசு மாதிரி ஒரு சின்ன ஈ உள்ளே முட்டை வைத்ததால் வருவது. மருந்தடித்தால் தேனீதான் சாகும், இந்தப் பூவை மட்டுமே நம்பியிருக்கிற காட்டுத் தேனீ இனமே இருபதுக்கு மேல். மஞ்சள் பூ ஐந்து இதழோடு நெருஞ்சி மாதிரி இருக்கிறது என்றாயே, இருக்காதா? இரண்டும் ஒரே குடும்பம்.

இன்னொன்று, இதில் விளையாட்டு இல்லை. அத்தை வந்தால் இலையைப் பறித்துக் கஷாயம் போட விடாதே. இந்தப் பாலைவனத்துப் பூர்வகுடிகளான தொஹோனோ ஓதாம் மக்கள் தலைமுறை தலைமுறையாக இதை மருந்தாக எடுக்கிறார்கள், உண்மைதான். அவர்களுக்குப் பக்குவம் தெரியும். உள்ளுக்குச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள், 1992-லேயே அமெரிக்க அரசு எச்சரித்தது. வாசனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மழை தொட்டதும் இலையிலிருந்து கிளம்புமே, அதுதான் இந்த ஊர் மழை வாசனை.

தண்ணீர்க் கணக்கை இவ்வளவு நீட்டுகிறேனே என்று அலுத்துக்கொள்வாய். 2021 ஆகஸ்டில், அரிசோனாவுக்குத் தண்ணீர் தரும் கொலராடோ ஆற்றுக்கு வரலாற்றிலேயே முதல் தடவையாகப் பற்றாக்குறை அறிவித்தார்கள். 2022-ல் அரிசோனாவின் பங்கில் 18 சதவீதம் போய்விட்டது, அடி விழுந்தது பெரும்பாலும் பினல் கவுண்டி விவசாயிகளுக்கு. உன் வீட்டிலிருந்து அரை மணி தூரம்கூட இல்லை அது. சாண்ட்லரில் வருஷத்துக்கு வானம் தருவது 7, 8 அங்குலம். அதை வைத்தே வாழத் தெரிந்த செடிக்குப் போய் நாம் தினம் சொட்டுகிறோம்.

அப்பா கேட்டாராமே, இது எத்தனை வருஷம் நிற்கும் என்று. கலிபோர்னியாவில் லூசர்ன் பள்ளத்தாக்கில் ஒன்று இருக்கிறது. நடுத் தண்டு செத்துச் செத்து வெளிப்பக்கம் முளைத்துக்கொண்டே போய், இப்போது பெரிய வளையமாக நிற்கிறது. வயது சுமார் 11,700 வருஷம் என்று கணித்திருக்கிறார்கள். அவரிடம் சொல், தைரியமாக நடலாம்.

உன் மகளுக்கு விதை வேண்டுமென்றால் நான் அனுப்புகிறேன். வெள்ளை ரோமம் போர்த்த காய், காய்ந்ததும் ஐந்தாகப் பிரியும். உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, பாதி மணல் கலந்த ஆழமான தொட்டியில் மார்ச்சில் போடச் சொல். பத்துக்கு இரண்டு முளைத்தால் பெரிது, சண்டை போடாதே.

அடுத்த படம் அனுப்பும்போது பக்கத்தில் கம்பியைக் குத்தி, எவ்வளவு இறங்கியது என்று எழுது. செடியை மட்டும் படம் பிடித்து அனுப்பினால் பதில் போட மாட்டேன்.

அன்புடன்,
ஜெயா