ஆர்தர் மிட்செல் கூட்டம்: உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நியூஜெர்சி நூலகக் கூடத்தில் அமெரிக்காவின் கறுப்பின பாலே (ஐரோப்பியச் செவ்வியல் நடனம்) கலைஞர் ஆர்தர் மிட்செல் பற்றி நான் தமிழில் பேசியதைக் கேட்க வந்தவர்களுக்கும், கூட்டம் நடக்கத் தோள் கொடுத்தவர்களுக்கும் இந்த மடல். அன்றைக்கே மேடையில் சொல்லியிருக்க வேண்டியது. கூடத்தைப் பூட்ட ஆள் சாவியோடு வந்து நின்றுவிட்டதால் சொல்ல முடியவில்லை.

முதல் நன்றி, மன்ஹாட்டன் லிங்கன் சென்டரில் இருக்கும் நிகழ்கலை நூலகத்தின் நடனப் பிரிவு ஊழியர்களுக்கு. பாலேயின் அரிச்சுவடிகூடத் தெரியாமல் போய் நின்ற என்னிடம் முகம் சுளிக்காமல், எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று எழுதியே கொடுத்தார்கள். ‘அகான்’ என்ற பாலேயில் வரும் இருவர் ஆட்டத்தை அவர்கள் சொல்லித்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 1957-ல் நியூயார்க் சிட்டி பாலே குழுவை நடத்திய பாலன்சைன் அமைத்தது, ஸ்ட்ராவின்ஸ்கியின் இசை. ஓரிடத்தில் மிட்செல் தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டு டயானா ஆடம்ஸ் ஒற்றைக் கால் நுனியில் நிற்பார். கறுப்பு ஆணும் வெள்ளைப் பெண்ணும் அத்தனை நெருக்கமாக மேடையில் ஆடியது அன்றைய அமெரிக்காவில் சின்ன விஷயமில்லை. 1960-ல் கனடாவில் படம்பிடித்த ஆட்டத்தை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆட 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாலன்சைன் மட்டும் கடைசிவரை ஆளை மாற்றவில்லை.

பேச்சின் முதல் வரைவைப் படித்துவிட்டு, “இவ்வளவு விருது எதுக்கும்மா? அந்தப் பையன் எப்படி மேலே வந்தான்னு சொல்லு” என்று பாதியை வெட்டிய எங்கள் வாசகர் வட்டத்துப் பெரியவருக்கு அடுத்த நன்றி. அவர் வெட்டியது சரிதான். 1934-ல் ஹார்லெமில் பிறந்த பிள்ளை. பன்னிரண்டு வயதில் அப்பா சிறைக்குப் போக, ஷூ பாலிஷ் போட்டும் பேப்பர் போட்டும் கறிக்கடையில் வேலை பார்த்தும் குடும்பத்தைத் தாங்கியவர். பள்ளி விருந்தில் அவர் ஆடியதைப் பார்த்த ஆலோசகர் ஒருவர், கலைப் பள்ளித் தேர்வுக்குப் போகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. 1955-ல் நியூயார்க் சிட்டி பாலேயில் சேர்ந்து, முதன்மை ஆட்டக்காரராகவும் ஆனார்.

எதிர்வீட்டு அக்காவின் மகளுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. கல்லூரித் தேர்வு நேரத்தில் தன்னுடைய பழைய பாலே ஷூவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ரோஸ் நிற சாட்டின் துணியில், தன் தோல் நிறத்துக்குச் சரியாக வரும் ஃபவுண்டேஷனை ஸ்பாஞ்சில் எடுத்து, எல்லார் முன்னாலும் பூசிக் காட்டினாள். தையல் மடிப்புக்குள் ரோஸ் எட்டிப் பார்க்காமல் இருக்க, ஸ்பாஞ்சின் முனையை மடித்து அழுத்தினாள். முன்வரிசைப் பிள்ளைகள் நாற்காலியை விட்டு எழுந்தே வந்துவிட்டார்கள். ரோஸ் காலுறையும் ஷூவும் வெள்ளைக் காலுக்குப் பொருந்தும். கறுப்புக் காலில் அது உடம்பை இடுப்போடு இரண்டாக வெட்டியதுபோல் தெரியும். மிட்செல் பின்னாளில் தொடங்கிய நடனக் குழு 1970-களிலேயே ஒவ்வொருவர் தோலுக்கும் ஏற்றபடி காலுறை, ஷூ, ரிப்பன் வரை நிறம் மாற்றியது. இதை நான் அரை மணி நேரம் விளக்கியிருந்தாலும் அந்த ஸ்பாஞ்ச் சொன்ன அளவு சொல்லியிருக்க மாட்டேன்.

புரொஜெக்டர், ஒலிபெருக்கி, கடைசி நிமிட வயர், எல்லாம் நம் அண்ணன்தான். 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பிறகு மிட்செல் தொடங்கிய வகுப்பின் படங்களை அவர் பெரிதாகக் காட்டியதால்தான் கடைசி வரிசைக்கும் தெரிந்தது. ஹார்லெமில் ஒரு பழைய கராஜ். வெயிலுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். தெருவில் போகிற பிள்ளைகள் எட்டிப் பார்த்து உள்ளே வந்தார்கள். ஜீன்ஸைக் கத்தரித்துப் போட்டுக்கொண்டும் ஆடலாம் என்று விட்டுவிட்டார். பையன்கள் வந்து குவிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தன் ஆசிரியர் கேரல் ஷூக்கையே கூட்டாளியாக்கி 1969-ல் ‘டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம்’ தொடங்கினார்.

உயர்குலத்தானை நம்பி ஏமாறும் கிராமத்துப் பெண்ணைப் பற்றிய பழைய பாலே ‘ஜிசெல்’. அந்தக் கதையை 1840-களின் லூசியானாவுக்கு, அடிமைத்தளையில் இல்லாத கறுப்பர்களின் சமூகத்துக்கு, 1984-ல் அவர் கொண்டுபோனதைப் பற்றி நிறையப் பேர் கேள்வி கேட்டீர்கள். ஓர் அம்மா, “ஊரை மாத்தினா கதை மாறாதா?” என்றார். அடுக்குப்பேதம் அங்கேயும் இருந்ததே, அதனால் கதை இன்னும் இறுகியது என்பது என் கட்சி. அவருக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. விவாதத்துக்கு நன்றி.

கடன் தொல்லையால் 2004-ல் அந்தக் குழு ஆட்டத்தை நிறுத்தியதும், 2012-ல் திரும்ப மேடையேறியதும் நேரமின்மையால் ஓட்டமாகத்தான் சொன்னேன். 2018-ல் மிட்செல் மறைந்தார். குழு இன்றும் ஆடுகிறது.

சுண்டலும் காபியும் தந்த மாமிகளுக்கும், உண்டியலில் போட்டவர்களுக்கும் நன்றி. சேர்ந்த தொகை முழுவதையும் அந்தக் குழு நடத்தும் பள்ளிக்கு அனுப்பியாயிற்று. ரசீது பொருளாளரிடம் இருக்கிறது, யாரும் கேட்டுப் பார்க்கலாம்.

அந்த ‘ஜிசெல்’லில் நாயகியாக ஆடி, பின்னாளில் குழுவையே நடத்திய வர்ஜீனியா ஜான்சன் பற்றித் தனியாக ஒரு கூட்டம் வேண்டும் என்கிறீர்கள். நான் தயார். அண்ணன் புரொஜெக்டருக்கு நாள் சொல்லட்டும்.